மாரியில் கரையேறிய வள்ளம்

கடலில்லாத ஊரிலிருந்து கடற்கலம் ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வவுனியாவில் எந்தத் திசையில் நடந்தாலும் ஏதோவொரு குளக்கட்டில்தான் போய் ஏறவேண்டியிருக்கும். எங்கள் சந்தையிலே குளத்து மீனுக்கு ஒரு பக்கம், கடல் மீனுக்கு ஒரு பக்கம். 1952ஆம் ஆண்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு வன்னிக் குளங்களையெல்லாம் தனதாக்கிக்கொண்ட திலாப்பியாவை நாங்கள் 'ஜப்பான் மீன்' என்போம். கடல் மீன் முல்லைத்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் ஐஸ் பெட்டியில் வரும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழுந்துவிட்டால் முல்லைத்தீவு மீன் குறையும், விலை ஏறும். மீன் வராத அந்த மாதங்களில் கரையில் என்ன நடக்கிறது என்று நான் நெடுநாள் எண்ணிப் பார்த்ததேயில்லை. எண்ணவைத்தது ஒரு மாணவனின் கேள்வி.

2012ஆம் ஆண்டு. வகுப்பில் நற்றிணை சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மூவனார் பாடிய நெய்தற் பாட்டு, 315ஆம் பாட்டு. அதிலே ஒரு துறை வருகிறது. அந்தத் துறையில் ஓர் அம்பி வருகிறது. வயது போய், வேலை ஓய்ந்து, விளிம்பு சிதைந்துபோன அம்பி. உழுது உழுது களைத்த எருதை உழவர் நுகத்திலிருந்து விடுவித்துப் புல்லுள்ள தோப்பிலே விட்டுவிடுவது போல, பரதவர் அந்தப் பழங்கலத்தைப் புன்னை நிழலில் மரத்தடியோடு கட்டி வைத்துவிடுகிறார்கள். இனி அதற்கு நறும்புகை காட்டுவதும் இல்லை. தொழில் செய்த காலத்தில் கலத்துக்குப் புகை காட்டினார்கள் என்பது இதனாலே நமக்குத் தெரியவருகிறது. உழவரையும் பரதவரையும் ஒரே உவமைக்குள் நிறுத்திய அழகைப் பற்றி நான் விரித்துச் சொல்லிக்கொண்டிருக்க, பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"ஏன் சேர் அதைத் திருத்தாமல் விட்டவை?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவன் சிரிக்கவில்லை. "எங்கட அப்பா இப்ப அப்பிடி ஒண்டைத்தான் திருத்திறார்" என்றான்.

முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த பையன். இடம்பெயர்ந்து வந்து வவுனியாவிலே உறவினர் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தவன். மார்கழி விடுமுறையில் நெடுங்கேணி வழியாக பஸ் ஏறி அவனுடைய தந்தையாரைப் பார்க்கப் போனேன். அந்த மாரியில் மூன்று தடவை போனேன். வன்னியின் கரையோர வரலாற்றில் நான் அறிந்ததிற் பாதி அந்த மூன்று பயணங்களில் கிடைத்ததுதான்; மீதிப் பாதியைப் பிறகு புத்தகங்களில் தேடிக்கொண்டேன்.

முதலில் மாரியைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்நாடுகளில் உறைபனிக்கு அஞ்சிப் படகைக் கரையேற்றுவார்கள். நமக்குப் பனியில்லை, காற்றுத்தான். முல்லைத்தீவுக் கரை திறந்த கரை. கலம் மணலிலிருந்து நேரே அலையை உடைத்துக்கொண்டு போகவேண்டும், அதே அலையில் ஏறித் திரும்பவேண்டும். சோளகக் காலத்தில் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர் தங்கள் கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில் கொக்கிளாய், நாயாற்றுக் கரைகளுக்கு வந்து வாடி அமைப்பது பழைய வழக்கம். அதைச் சுற்றிய பிணக்குகளும் பழையவை, இன்னும் தீராதவை. வாடை எழுந்ததும் எல்லாம் தலைகீழாகும். வந்தவர்கள் ஊர் திரும்புவார்கள். ஊரவர்கள் கலங்களைப் பனங்குற்றிகளின் மேல் உருட்டி மேட்டுக்கு ஏற்றுவார்கள். வலை பொத்துவதும் கலம் திருத்துவதும்தான் அந்த மாதங்களின் தொழில்.

நான் பார்த்த வள்ளம் 23 அடி நீளம். கிடுகுக் கொட்டில் ஒன்றின் கீழே கவிழ்த்து வைத்திருந்தார்கள். அடிப்பாகம் ஒற்றை மரம், குடைந்தெடுத்தது. அதன் மேல் இரு பக்கமும் பலகை ஏற்றி உயர்த்தியிருந்தது. ஆனால் ஒரு பக்கத்துப் பலகை முழுவதும் இல்லை. போர் முடிந்து, மீள்குடியேறி வந்து பார்த்தபோது பனந்தோப்பிலே பாதி மணல் மூடிக் கிடந்ததாம். இல்லாத பலகையை யாரோ கழற்றி அடுப்பெரித்திருக்கிறார்கள். "அந்த நேரம் ஆரெண்டாலும் எரிச்சிருப்பினம், சேர். நாங்களும் பிறத்தியாற்ற கதவை எரிச்சுத்தான் கஞ்சி காய்ச்சினாங்கள்" என்றார் ஐயா. அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

வள்ளம் என்ற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். தமிழ் வாத்தியாருக்கு இது விட முடியாத குணம். பழந்தமிழில் வள்ளம் என்றால் கிண்ணம். உண்ணும் கலம். குழிவான பாத்திரத்தின் பெயர் குழிவாகக் குடைந்த மரத்துக்கும் ஆகியிருக்கிறது. பாத்திரத்தையும் படகையும் 'கலம்' என்ற ஒரே சொல்லால் குறித்த மொழியில் இது வியப்பில்லை. மலையாளத்தில் படகுக்கு இன்றும் வள்ளம் என்பதே பெயர். சொல் மட்டுமன்று, மரமும் அந்தக் கரையோடு உறவுடையது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பெருமரங்களிலே குடைந்த வள்ளங்கள் மலையாளக் கரையிலிருந்து கடல் வழியாக வட இலங்கைக்கு விலைக்கு வந்துகொண்டிருந்தன. சென்னை மாகாண மீன்பிடித் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹோர்னல் இந்தியக் கலங்களைப் பற்றி 1920இலும், இலங்கையின் மீன்பிடிக் கலங்களைப் பற்றி 1943இலும் எழுதினார். ஆங்கிலேய அதிகாரிகளிற் பலர் நம் கோயில்களை அளந்தார்கள், கல்வெட்டுகளைப் படியெடுத்தார்கள். மீனவனின் தோணியை அளக்கக் குனிந்தவர்கள் மிகச் சிலர். ஹோர்னல் குனிந்தார். நாம் இன்னும் அதிகம் குனியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இனித் திருத்த வேலைக்கு வருகிறேன். ஐயா தனியாகச் செய்யவில்லை. எழுபது கடந்த ஓடாவியார் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். ஓடாவி என்ற சொல்லுக்குக் கலம் கட்டும் தச்சன் என்று பழைய அகராதிகள் பொருள் தருகின்றன. நகரத்துத் தமிழில் அந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது. கரையிலே அது இன்னும் வாய்ச்சொல்லாக இருந்தது. மணிமேகலை கலம் செய்வோரைக் 'கம்மியர்' என்று சொல்லும். ஓடாவியாரிடம் அதைச் சொன்னேன். "அது பொன் வேலைக்காரர் எல்லோ?" என்று கேட்டார். சொற்கள் ஆள் மாறுவதைப் பற்றி ஒரு விரிவுரைக்கு இடமிருந்தது, அவருக்கு நேரமிருக்கவில்லை.

முதல் வேலை சுரண்டுதல். அடியிலே ஒட்டியிருந்த சிப்பியும் காய்ந்த பாசியும் உதிர்ந்த பிறகு பெயின்ற் வந்தது. மேலே நீலம். நீலத்துக்குக் கீழே பச்சை. அதற்குக் கீழே வெள்ளை. வெள்ளையின் மேல் சிவப்பில் எழுதிய எழுத்துகள் பாதி பாதியாகத் தெரிந்தன. அணியத்தின் பக்கம் 'கண்ணகை' என்பது வரைக்கும் வாசிக்க முடிந்தது. வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்து விளக்கெரிக்கும் மக்கள் தங்கள் கலத்துக்கு அந்தப் பெயரை இட்டிருந்ததில் ஆச்சரியமில்லை. வெள்ளைக்கும் கீழே கறுப்பு, தார். தாருக்குக் கீழே பெயின்றே இல்லை. சுறா ஈரலிலிருந்து எடுத்த எண்ணெய் ஊறி ஊறிக் கருத்த மரம். அதைச் சுரண்டும்போது எழுந்த வாடை, அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அசல் மீன் வாடையாகத்தான் இருந்தது! கல்வெட்டாய்வாளருக்கு எழுத்தமைதி எப்படியோ அப்படித்தான் ஓடாவியாருக்கு இந்த அடுக்குகள். எண்ணெய் அவருடைய தகப்பன் காலம். தார் அவருடைய இளமைக் காலம். பெயின்ற் வந்தது அதற்குப் பிறகு. நீலம் கடைசியாக 2004இல் பூசியது.

மேற்பலகை இருந்த விளிம்பைச் சுரண்டியபோதுதான் அந்த வள்ளத்தின் உண்மையான வயது தெரிந்தது. ஆணித் துளைகளுக்கு நடுவே, சுண்டுவிரல் அளவில், சீரான இடைவெளியில், மரமுளை அடித்து அடைத்த துளைகள் வரிசையாகத் தெரிந்தன. ஓடாவியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விரலால் தடவிப் பார்த்தார். "இது தைச்ச வள்ளம்" என்றார்.

தைத்த கலம் என்றால் இரும்பாணியே இல்லாமல், பலகைகளைத் தும்புக் கயிற்றினால் தைத்துச் சேர்த்த கலம். இந்துமாக் கடலின் கரைகளில் அரபு நாட்டிலிருந்து சோழ மண்டலக் கரை வரைக்கும் இந்த முறை நெடுங்காலம் இருந்தது. சென்னையில் துறைமுகம் கட்டப்படும் வரை, நடுக்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்களையும் பொருட்களையும் அலைகடந்து கரைசேர்த்தவை மசூலா என்ற தைத்த படகுகளே. ஆணியடித்த படகு அலையில் விழுந்து தரை தட்டினால் பிளக்கும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். இரும்போ உப்புநீரில் துருவேறி, தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். ஆகவே இதை அறியாமை என்று எண்ணுவது தவறு. முல்லைத்தீவுக் கரையைப் போன்ற திறந்த கரைக்குக் கயிறு தெரிந்தே தேர்ந்தெடுத்த பொருள். அதன் குறை ஒன்றுதான்: கயிறு நைந்துபோகும். அவிழ்த்து மறுபடியும் தைக்கவேண்டும். மாரி வேலையின் பெரும்பகுதி முற்காலத்தில் இந்தத் தையல்தான். ஓடாவியாரின் தகப்பனார் எப்போதோ ஒரு மாரியில் தையலைப் பிரித்து, துளைகளை முளையடித்து அடைத்து, ஆணி வைத்திருக்கிறார். வள்ளம் ஆணிக்கு மாறிய அந்த மாரியைப் பற்றி எந்தக் கடதாசியிலும் எழுதியிருக்கப் போவதில்லை.

நான் ஆசைப்பட்டு ஒரு மூடத்தனமான யோசனை சொன்னேன். புதுப் பலகையைப் பழையபடி கயிற்றால் தைத்தால் என்ன? ஓடாவியார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "தைக்கலாம். பிறகு வருசா வருசம் ஆர் வந்து தைக்கிறது? நீங்களோ, சேர்?"

அவர் கேட்டதில் நியாயமுண்டு. பழையதைப் புதுப்பிப்பது என்று நாம் நகரத்திலிருந்து பேசும்போது, முதன்முதலில் இருந்த நிலைக்குக் கொண்டுபோவதையே நினைக்கிறோம். தொழிலுக்குப் போகும் கலத்துக்கு அப்படி ஒரு 'முதல் நிலை' கிடையாது. ஒவ்வொரு மாரியிலும் அது கொஞ்சம் வேறு வள்ளமாகவே கடலுக்குத் திரும்பியிருக்கிறது.

வீட்டுக்குள் வேறொரு வழக்கும் நடந்துகொண்டிருந்தது. மூத்த மகனுக்கு நிவாரணமாகக் கிடைத்த பைபர் கிளாஸ் படகொன்று கரையிலே நின்றது. "அப்பா, உதைக் கொத்தி விறகாக்கிற காசுக்கு எஞ்சினுக்கு எண்ணெய் அடிக்கலாம்" என்பது அவனுடைய கட்சி. அதை உதறித் தள்ளவும் முடியாது. ஏனெனில் பைபர் கிளாஸ் நம் கரையைப் பிடித்த கதையில் அவனைப் போன்றவர்களின் வயிறு அடங்கியிருக்கிறது.

கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஐம்பதுகளின் பிற்பகுதியில் அரசாங்கம் 28 அடி இயந்திரப் படகுகளைப் புகுத்தியது. அறுபதுகளின் பிற்பகுதியில் சிறிய பைபர் கிளாஸ் படகுகளும், வெளியே பூட்டும் எஞ்சினும் வந்தன. யாழ்ப்பாணத்தில் அன்ரனி இராசேந்திரம் என்பவர் நோர்வே மக்களின் உதவியோடு 'சீநோர்' நிறுவனத்தைத் தொடங்கியதும் அந்தப் பத்தாண்டில்தான்; காரைநகரில் படகுத்தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அதனால் உண்டாயின. பைபருக்குப் புழு பிடிக்காது; கலப்பற்று வேண்டாம்; இரண்டு பேர் தூக்கிவிடலாம். பெருமரங்கள் அருகிப்போன காலத்தில் இந்த வசதியை யார் வேண்டாமென்பார்? இன்று இலங்கையின் கரைகளில் நிற்கும் சிறுபடகுகளிற் பெரும்பாலானவை பைபர் கிளாஸ்தான்.

பிறகு போர்க்காலம். தொண்ணூறுகளில் வன்னிக்கு எரிபொருள் போவதற்குத் தடையிருந்தது; கடலில் தொழில் செய்யவும் தடையிருந்தது. வவுனியாவில் தாண்டிக்குளத்தைத் தாண்டிப் போகக்கூடிய பொருளுக்கும் போகக்கூடாத பொருளுக்கும் பட்டியல் இருந்த காலத்தை எங்கள் ஊரவருக்கு நான் நினைவூட்டவேண்டியதில்லை. எஞ்சின்கள் சும்மா கிடந்தபோது துடுப்பும் பாயும் மறுபடி பழக்கத்துக்கு வந்தன. மூலையில் கிடந்த மர வள்ளங்களுக்கு மவுசு திரும்பியது. ஐயாவின் வள்ளத்துக்குப் பச்சை பூசியது அந்தக் காலத்தில்தானாம். எங்கேயோ கதவுக்கென்று வைத்திருந்த பெயின்ற்.

2004 டிசெம்பர் 26. நாள்காட்டியைப் பாருங்கள், மார்கழி மாதம், நடு மாரி. கடல் பொங்கியபோது கலங்கள் கடலில் இல்லை. திருத்த வேலைக்காகக் கரையேற்றி, வரிசையாகக் கவிழ்த்து, வாடிகளின் பக்கத்திலே கிடந்தன. வீடுகளும் அங்கேதான். முல்லைத்தீவுக் கரையில் அன்று மாண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். நாடு முழுவதும் மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ முக்காற் பங்கு அழிந்தது அல்லது சேதமடைந்தது. மாரியிலே பாதுகாப்பென்று ஏற்றி வைத்த இடமே வினையாக முடிந்தது. இந்த வள்ளம் தப்பியதற்குக் காரணம், அது கரையில் இல்லாமற் போனது. நீலம் பூசுவதற்காக வண்டியில் ஏற்றி, உள்ளே இரண்டு கட்டைக்கு அப்பால் ஓடாவியாரின் வளவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஐயா அன்று பெயின்ற் பூசத்தான் போயிருந்தார். அவருடைய தாயார் கரை வீட்டிலே இருந்தார். நீலத்தை ஏன் கடைசிவரை சுரண்ட விடாமல் ஓரிடத்தில் ஐயா கையை வைத்துத் தடுத்தார் என்பது எனக்கு இரண்டாம் பயணத்தில்தான் விளங்கியது. கடையாரின் உட்பக்கத்தில் ஒரு சாண் அளவுக்கு அந்த நீலம் அப்படியே விடப்பட்டது.

கடற்கோளுக்குப் பிறகு உதவி நிறுவனங்கள் பைபர் படகுகளை அள்ளிக் கொடுத்தன. அவசரத்தில் கட்டியதால் தரங்கெட்டவையும் கலந்திருந்தன. சில கரைகளில் ஆட்களைவிடப் படகுகள் கூடிப்போயின. உடைந்த பைபரை எரிக்கவும் முடியாது, அது உக்கவும் மாட்டாது. புன்னை நிழலில் கட்டிவைத்து எருதுக்கு உவமை சொல்லவும் அதில் எதுவுமில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இது என்னுடைய பலவீனமாக இருக்கலாம்.

வேலை நடந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சுரண்டி முடிந்ததும் காய்ந்த தென்னோலையைச் சூளாகக் கட்டிக் கொளுத்தி, அடிமரத்துக்கு நெருப்புக் காட்டினார்கள். மரத்தைத் துளைக்கும் கடற்புழு இருந்தால் சாகும். உள்ளே நின்ற ஈரம் வெளிவரும். கிடுகுக் கொட்டிலின் கீழே நெருப்போடு விளையாடுவதென்றால் ஒருவர் தண்ணீர் வாளியோடு நிற்கவேண்டும். அந்த உத்தியோகம் எனக்குத் தரப்பட்டது. அதன்பின் ஓடாவியார் சுத்தியலின் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்டார். நல்ல மரம் ஒலிக்கும். உக்கியது பொத்தென்று சொல்லும். "பெயின்ற் அடிச்சால் எல்லாம் புதுசு போலத்தான். தட்டினால்தான் ஆளைத் தெரியும்." அடிமரத்தில் இரண்டு இடம் பொத்தென்றது. அவற்றை உளியால் வெட்டியெடுத்து, அதே வடிவில் வேப்பமரத் துண்டு பொருத்தினார்.

வேம்பு என்றதும் வல்வெட்டித்துறை ஞாபகத்துக்கு வருகிறது. அங்கே 1930இல் சுந்தர மேத்திரியார் வேம்பினால் கட்டிய 89 அடிப் பாய்க்கப்பல் அன்னபூரணி. அமெரிக்கக் கடலோடி வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் அதை வாங்கி, தன் மனைவியின் பெயரைச் சூட்டி, வல்வெட்டித்துறை மாலுமிகளோடு சூயஸ், ஜிப்றால்ரர், பெர்மியூடா வழியாக ஓட்டிச் சென்றார். 1938 ஓகஸ்ட் முதலாம் திகதி அது மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறையை அடைந்தது. குளொஸ்ரர் ஒரு மீன்பிடி ஊர். 1926இல் பக்கத்து எசெக்ஸில் கட்டிய 'அட்வெஞ்சர்' என்ற மீன்பிடிப் பாய்க்கப்பலை அவ்வூரார் 1988இல் பொறுப்பேற்று, ஆண்டுக்கணக்காகப் பலகை மாற்றித் திருத்தி, இன்றும் வைத்திருக்கிறார்கள். நம்முடைய வேப்பமரக் கப்பல் ஒரு காலத்தில் அதே துறையில் நின்றது. பொறாமை நல்ல குணமன்று. ஆனாலும் பொறாமையாக இருக்கிறது.

மேற்பலகைக்கு மரம் தேடியதுதான் பெரும்பாடு. வன்னிக் காட்டிலே முதிரையும் பாலையும் நிற்கின்றன. ஒரு பலகையை ஏற்றி இறக்குவதற்கு அனுமதிக் கடதாசிக்கு அலையவேண்டும். ஐயா மூன்று வாரம் அலைந்தார். மழையும் விடவில்லை. கடைசியில், இடிந்த வீடொன்றின் முதிரை வளையை விலைக்கு வாங்கி அரிவித்தார்கள். வீட்டுப் பலகை அடுப்புக்குப் போன காலம் போய், வீட்டு வளை வள்ளத்துக்கு வந்தது. பலகையை வளைப்பதற்கு ஈரச்சாக்கு சுற்றிச் சூடு காட்டி, ஒரு நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். நானும் கயிறு பிடித்தேன், கை கொப்பளித்தது. இம்முறை செப்பாணி.

பிறகு கலப்பற்று. பலகை இடுக்குகளில் பஞ்சும் தும்பும் திரித்து வைத்து, மழுங்கிய உளியால் அடித்திறுக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசுவது. 'பற்று' என்ற தமிழ்ச் சொல்லோடு பொருந்திக்கொண்டதால் இதை நம் சொல்லென்றே எண்ணிவந்தேன். போர்த்துக்கேயர் கலப்பற்றுக்காரனைக் 'கலபாத்தே' என்கிறார்கள். அரபியிலும் உறவுச் சொல் உண்டு. கடலோடிகள் சரக்கை மட்டும் ஏற்றி இறக்கவில்லை. குங்கிலியம் காய்ச்சும்போது எழுந்த புகை கொட்டிலை நிறைத்தது. நற்றிணையின் நறும்புகை நினைவுக்கு வந்தது. இது வேறு புகைதான், பூசைக்குரியதன்று, என்றாலும் வாசனை நன்றாகவே இருந்தது.

மூத்த மகன் ஒரு நாள் வந்து நின்று பார்த்தான். "இவ்வளவு பாடுபடாமல் மேலால பைபர் சீற்றைப் போட்டு ரெசின் அடிச்சு விடலாம்" என்றான். பலர் அப்படிச் செய்கிறார்கள். ஓடாவியார் கோபிக்கவில்லை. மரம் தண்ணீரைக் குடித்து வீங்கும், வெயிலில் சுருங்கும், பைபர் அசையாது, இரண்டுக்கும் நடுவே புகுந்த தண்ணீர் வெளிவர வழியில்லாமல் உள்ளே மரம் உக்கும், வெளியே பார்த்தால் மினுங்கும் என்று நிதானமாக விளங்கப்படுத்தினார். மகன் கேட்டுவிட்டுப் போனான். அடுத்த நாள் வந்து, கேளாமலே, கலப்பற்று உளியைக் கையில் எடுத்தான். முதலில் கோணலாகத்தான் அடித்தான்.

மாரியில் பெயின்ற் காயாது. ஆகையால் அது தையும் கழிந்து மாசி வெயிலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மூன்றாம் பயணம் அதற்காகவே. அடிக்குச் சிவப்பு, மேலே வெள்ளை. அணியத்தின் இரு பக்கமும் ஐயா ஒரு சிறு தூரிகையால் கண் எழுதினார். கலத்துக்குக் கண் வைப்பதைப் பற்றி 1923இல் ஹோர்னல் தனியாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். நம் பக்கத்து இந்துக்களின் தோணிகளில் அவர் அதைக் கவனித்திருந்தார். அந்தப் பெருமையை நான் எடுத்துச் சொன்னபோது ஐயா, "கண் இல்லாட்டி எப்பிடி வழி தெரியும்?" என்றார். பெயரை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கரும்பலகையில் எழுதும் கை. பலகை வளைவில் 'ண்'ணும் 'ண'வும் சரிந்துபோயின. 'கண்ணகை' என்று எழுதி முடித்தபோது, பழைய எழுத்து என்னுடையதிலும் அழகாக இருந்ததை எவரும் சொல்லாமலே விட்டார்கள்.

பங்குனியில் இறக்கினார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டி, சாம்பிராணிப் புகை போட்டுத்தான். கடலுக்கு அல்ல, முதலில் களப்புக்கு. இறக்கிய உடனே எல்லா இடுக்கிலும் தண்ணீர் கசிந்தது. நான் பதறிவிட்டேன். ஓடாவியார் கரையிலே குந்தியிருந்து வெற்றிலை போட்டபடி, "குடிக்கட்டும். நாலு மாதம் காய்ஞ்ச மரமெல்லோ" என்றார். அன்றிரவு வள்ளத்தைப் பாதி தண்ணீரோடு அப்படியே விட்டார்கள். இரண்டாம் நாள் மூத்த மகன் வாளியால் இறைத்தான். மூன்றாம் நாள் இறைப்பதற்குத் தண்ணீர் இருக்கவில்லை.

ஓடாவியார் இப்போது இல்லை. என்னிடம் கேள்வி கேட்டவன் கொழும்பில் கணக்காளனாக இருக்கிறான். போன மார்கழியில் அவன் தொலைபேசியில் பேசும்போது வள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். கரையேற்றியிருக்கிறார்களாம். அண்ணன்தான் சுரண்டுகிறானாம். கடையாரின் உட்பக்கத்து நீலத்தைத் தொட வேண்டாமென்று அப்பா இந்த வருடமும் சொல்லியிருக்கிறாராம்.